அரங்கத்தைக் காத்தவர்கள் – 14: அகற்றியதற்கு ஒரு விருது

சென்ற வாரம் 1987 மார்ச் 25ஆம் தேதியோடு நிறுத்தியிருந்தோம். பல நூற்றாண்டுகளாக மொட்டைக் கோபுரமாகவே நின்ற திருவரங்கம் கோயிலின் தெற்கு வாசல், அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் அழகிய சிங்கரின் பிடிவாதத்தால் பதின்மூன்று நிலைகளோடு 236 அடி உயர ராஜகோபுரமாக எழுந்து, அன்று குடமுழுக்குக் கண்டது. 1979 மே மாதம் தொடங்கிய வேலை எட்டு ஆண்டுகளுக்குள் முடிந்தது. அரசுகள் பணம் கொடுத்தன. இளையராஜா ஒரு நிலைக்கான செலவை ஏற்றார். ஊர் பேர் தெரியாத ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தங்களால் முடிந்ததை அனுப்பி வைத்தன.

அதற்கு முந்தைய வாரங்களில் 1311இன் படையெடுப்பையும், 1323இல் உற்சவர் நம்பெருமாளைச் சுமந்துகொண்டு வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியார் தெற்கே போனதையும், 1371இல் விசயநகரத் தளபதி கோபணாரியன் காலத்தில் பெருமாள் ஊர் திரும்பியதையும் பார்த்தோம். அவையெல்லாம் வாளுக்கும் நெருப்புக்கும் பயந்து காத்த கதைகள்.

இனி வருவது வேறு வகை ஆபத்து. அது பக்தியோடும் நல்ல எண்ணத்தோடும், கையில் சிமென்ட் மூட்டையோடும் வந்தது.

* * *

1987ஐ விட்டுப் போவதற்கு முன் இன்னொரு செய்தியையும் பார்த்துவிட வேண்டும்.

ராஜகோபுரம் முடிந்த அதே ஆண்டு டிசம்பரில், திருச்சியிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் தஞ்சைப் பெரிய கோயில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் சேர்ந்தது. ராஜராஜன் கட்டியபடியே விமானம் நிற்கிறது என்பதுதான் தஞ்சையின் பெருமை. நின்றுபோனதை இந்தத் தலைமுறை கட்டி முடித்தது என்பது திருவரங்கத்தின் பெருமை.

ஒரே காவிரிப் படுகையில், ஒரே ஆண்டில், இரண்டு எதிரெதிர் நியாயங்கள். தஞ்சைக் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே அனுமதி இல்லாமல் ஒரு கல்லைக்கூடத் தொட முடியாது. திருவரங்கம் 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் கீழ் இயங்குவது. அந்தச் சட்டத்தின் கவனம் பெரும்பாலும் கோயில் நிர்வாகம், வழிபாடு, சொத்து ஆகியவற்றின் மேல்தான். பழைய கல்லை எப்படிப் பேண வேண்டும் என்று தினந்தோறும் பக்கத்தில் நின்று சொல்ல ஒரு வல்லுநர் அங்கே இருந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை.

தஞ்சையின் வழி சரி, திருவரங்கத்தின் வழி தவறு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ராஜகோபுரம் இல்லாத திருவரங்கத்தை இனி யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது. காவிரிப் பாலத்தில் பேருந்து ஏறியதும் கை தானாகக் குவிகிறது. ஆனால் அந்தக் கோபுரத்தின் வெற்றி ஒரு கருத்தை ஆழமாக ஊன்றிவிட்டது. திருப்பணி என்றால் சேர்ப்பது, உயர்த்துவது, புதுப்பிப்பது என்ற கருத்து அது. அடுத்த கால் நூற்றாண்டின் சிக்கல் இங்கேதான் முளைத்தது.

* * *

சேர்ப்பதில் ஏன் இவ்வளவு ஆசை? காரணம் எளிது. சேர்த்தவரின் பெயர் நிற்கும்.

'கோயிலொழுகு' என்ற நூல் திருவரங்கத்தின் குறிப்பேடு போன்றது. எந்த மண்டபம் யார் உபயம், எந்த மதிலை யார் செப்பனிட்டார், எந்த நந்தவனத்தை யார் வைத்தார் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டே போகிறது. கோயில் சுவர்களும் அப்படித்தான். இந்தக் கோயிலின் கல்வெட்டுகளைத் தொகுத்துத் தொல்லியல் துறை வெளியிட்ட 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' 24ஆம் தொகுதியில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. சோழர், பாண்டியர், ஒய்சளர், விசயநகரத்தார் என்று எல்லாரும் கொடுத்ததைக் கல்லில் எழுதி வைத்தார்கள்.

அடைபட்ட சாக்கடையைத் திறந்தவருக்கு எந்தச் சுவரிலும் இடம் இல்லை. வேண்டாத சுவரை எடுத்தவரின் பெயரை எங்கே பொறிப்பது? அந்தச் சுவரே இல்லையே!

20ஆம் நூற்றாண்டில் இந்த நிலை இன்னும் மோசமானது. சிமென்ட் மலிவாகவும் வேகமாகவும் கிடைத்தது. தமிழ்நாடு முழுவதும் ஊர்தோறும் இதே கதைதான். கருங்கல் தளத்தின் மேல் சிமென்ட் தளம், அதன் மேல் ஓடு, மண்டபத் தூண்களுக்கு நடுவே தடுப்புச் சுவர், சுவர் வந்தபின் அது ஓர் அறை, அறை வந்தபின் அதற்கு ஒரு பூட்டு. ஒவ்வொன்றுக்கும் அந்த நேரத்தில் ஒரு நியாயம் இருந்தது. மழை ஒழுகியது, கூட்டம் அதிகமானது, பொருள் வைக்க இடம் தேவைப்பட்டது. யாரும் கெட்ட நோக்கத்தோடு செய்யவில்லை.

ஆனால் பழைய கட்டடங்களுக்குச் சிமென்ட் ஒத்துவராது. நம் முன்னோர் சுண்ணாம்பையும் ஆற்று மணலையும் கலந்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்து நாள்கணக்கில் புளிக்கவைத்து அரைத்த சாந்தில் ஈரம் உள்ளே போகவும் வெளியே வரவும் வழி உண்டு. வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும் செங்கல்லோடு சேர்ந்து அதுவும் கொஞ்சம் நெகிழும். சிமென்ட் இறுகிவிடும். உள்ளே போன ஈரம் வெளியே வர முடியாமல் உப்பைச் சேர்த்துக்கொண்டு பக்கத்துச் செங்கல்லைத் தின்னத் தொடங்கும். மேலே பார்த்தால் பளபளப்பு, உள்ளே சிதைவு. பத்து, இருபது ஆண்டுகள் கழித்து விரிசல் தெரியும்போது அதன் மேல் இன்னொரு பூச்சு சிமென்ட் ஏறும்.

அதைவிடக் கொடியது மணல் வீச்சு. தூண்களில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்புப் பூச்சையும் நீக்குவதற்காக, காற்றழுத்த இயந்திரத்தால் மணலைப் பீய்ச்சி அடிக்கும் வேலை. தமிழகக் கோயில்கள் பலவற்றில் இதைச் செய்தார்கள். தூண் புதிதுபோல வெளுக்கும். சிற்பத்தின் மூக்கு நுனியும் விரல் நகமும் மழுங்கும். கல்லில் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டுமே வெட்டிய எழுத்துகள் தேய்ந்துபோகும். பல எதிர்ப்புகளுக்குப் பின்னரே இந்த முறைக்குத் தடை வந்தது.

ஓர் எடுத்துக்காட்டு. 1493ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு திருவரங்கத்தில் இருந்த ஆரோக்கியசாலையைப் பற்றிப் பேசுகிறது. ஒய்சளர் காலத்தில் கருடவாகன பண்டிதர் நடத்திய மருத்துவசாலை படையெடுப்பில் அழிந்துபோனது. பிற்காலத்தில் அவர் வழிவந்தவர் அதை மீண்டும் எழுப்பி, தன்வந்திரிக்குச் சந்நிதியும் அமைத்தார். ஒரு மீட்புப் பணியைப் பற்றிய கல்வெட்டு அது. அப்படியொரு மருத்துவசாலை இருந்ததும், அழிந்ததும், மீண்டதும் நமக்குத் தெரிவது அந்தச் சில மில்லிமீட்டர் ஆழத்தால்தான்.

* * *

பேணுவது என்பதைத் திருவரங்கம் வெளியாரிடம் கற்க வேண்டிய ஊரா? இல்லவே இல்லை. அதற்கான சான்று கருவறையிலேயே இருக்கிறது.

பள்ளிகொண்ட பெரிய பெருமாள் கல்லால் ஆனவர் அல்லர். சுதையால் ஆன திருமேனி. அதனால் மூலவருக்குத் திருமஞ்சனம் கிடையாது. திருமஞ்சனம் எல்லாம் உற்சவர் நம்பெருமாளுக்குத்தான். சுதை நீரைத் தாங்காது என்பதை உணர்ந்தவர்கள் அதற்கு ஒரு மாற்றை வகுத்தார்கள். அதுதான் தைலக்காப்பு.

ஆனி மாதம் கேட்டை நட்சத்திரத்தில் ஜேஷ்டாபிஷேகம். காவிரியிலிருந்து யானை மேல் தங்கக் குடத்தில் தீர்த்தம் வரும். நம்பெருமாளின் தங்கக் கவசங்களைக் களைந்து, பழுது பார்த்து, தூய்மை செய்து மீண்டும் சாற்றுவார்கள். அதைத் தொடர்ந்து மூலவருக்கு நறுமணத் தைலம் சாற்றுவார்கள். பிறகு 48 நாள்களுக்குத் திருமுகத்தை மட்டுமே சேவிக்கலாம். மற்ற பகுதி திரைக்குள் இருக்கும். தைலம் ஊற வேண்டும், சுதை அதை வாங்கிக்கொள்ள வேண்டும், அதுவரை யாரும் அவசரப்படுத்தக் கூடாது.

இன்றைய அருங்காட்சியகங்கள் பொருள்களைப் பேணும் முறையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பொருளின் தன்மையை அறிவது, அதற்கேற்ற பூச்சைத் தேர்வது, குறிப்பிட்ட கால இடைவெளியில் திரும்பச் செய்வது, ஆறும் வரை பார்வையாளரைத் தள்ளி நிற்கச் சொல்வது. நான்கும் இங்கே உண்டு. நாள்காட்டியில் பதிந்துவிட்டதால் எந்த அதிகாரி மாறினாலும் இது நிற்பதில்லை.

கருவறைக்குள் இவ்வளவு நுட்பமாக இருந்த அந்த அறிவு, வெளிப் பிராகாரங்களுக்கு வரும்போது எங்கே தொலைந்தது என்பதுதான் என்னை உறுத்தும் கேள்வி. என் கணிப்பு இது: கருவறை யாருடைய பொறுப்பு என்பதில் ஒருநாளும் குழப்பம் இருந்ததில்லை. வாசலை நோக்கி வர வர அந்தத் தெளிவு குறைகிறது.

* * *

வெளியாரின் கண் திருவரங்கத்தின் மேல் விழுந்தது 1960களில். பாரிஸின் கிமே அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜானின் ஓபுவாயே என்ற அறிஞர் இந்தக் கோயிலை ஆராய்ந்து எழுதிய நூலை 1969இல் யுனெஸ்கோ வெளியிட்டது. கோயிலை ஒரு கட்டடமாக மட்டும் பார்க்காமல், விழாக்களும் அன்றாட வழிபாடும் மக்களும் சேர்ந்த ஒரு முழு ஊராகப் பார்த்த நூல் அது.

அந்தப் பார்வை சரியானது. ஏழு மதில்களில் வெளி வட்டங்களுக்குள் இருப்பது ஊர். அடையவளஞ்சான் வீதி, சித்திரை வீதி, உத்திர வீதி. வீடு, கடை, பள்ளி, பால்காரர், தபால்காரர் எல்லாம் மதிலுக்கு உள்ளே.

இந்த மதில்கள் ஏன் பிழைத்தன என்பதற்கு ஆற்றின் தென்கரையிலேயே விடை இருக்கிறது. திருச்சிக் கோட்டைக்கும் ஒரு காலத்தில் வலுவான மதிலும் அகழியும் இருந்தன. கர்நாடகப் போர்களில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அதற்காக மோதிக்கொண்டார்கள். போர்கள் ஓய்ந்தபின் அந்த மதிலுக்கு வேலை இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அதை இடித்தார்கள், அகழியைத் தூர்த்தார்கள். இன்று மேலப் புலிவார்டு ரோட்டில் நடப்பவர்கள் அந்த அகழியின் வழியேதான் நடக்கிறார்கள். மெயின்கார்டு கேட் மட்டும் நினைவுக்கு மிஞ்சியது.

திருவரங்கத்து மதில்களுக்கும் வீதிகளுக்கும் வேலை ஓயவே இல்லை. சித்திரையில் தேர் சித்திரை வீதியைச் சுற்ற வேண்டும். தையில் உத்திர வீதியைச் சுற்ற வேண்டும். தேர் திரும்புவதற்கு மூலையில் இடம் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை வடம் பிடித்து வந்து அளந்து பார்க்கும் இந்தப் பெரிய தேரைவிட நல்ல நகரமைப்பு அதிகாரி கிடையாது. தேரின் அகலத்துக்குள் யாரும் சுவரை நீட்டிவிட முடியாது.

ஆனால் தேருக்கு ஒரு குறை உண்டு. அது அகலத்தைக் காக்கும், உயரத்தைக் காக்காது. தரைக்கு அடியில் நடப்பதையும் அறியாது.

* * *

தரைக்கு அடியில் என்ன நடந்தது? தண்ணீருக்கு வழி இல்லாமல் போனது.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கும் தீவு இது. இங்கே கோயில் கட்டியவர்கள் முதலில் யோசித்திருக்க வேண்டியது தண்ணீரைப் பற்றி. பிராகாரங்களில் விழும் மழை எங்கே சரிந்து, எந்தக் கால்வாய் வழியே போய், எங்கே சேர வேண்டும் என்பதற்கு அவர்கள் கணக்கு வைத்திருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் போட்ட தளங்களும் கட்டிய சுவர்களும் அந்தக் கணக்கைக் கலைத்தன. நல்ல மழை பெய்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கியது. தேங்கிய நீர் அடித்தளத்தில் இறங்கியது.

2014இல் தொடங்கி அடுத்த ஆண்டு வரை நடந்த பெரும் திருப்பணி இங்கேதான் முந்தையவற்றிலிருந்து விலகியது. அப்போது அறங்காவலர் குழுத் தலைவராக இருந்தவர் தொழிலதிபர் வேணு சீனிவாசன். சுமார் 25 கோடி ரூபாய்ச் செலவு. அதில் பெரும்பகுதி நன்கொடை.

நன்கொடை கொடுப்பவர் தன் பெயர் விளங்க ஒரு மண்டபம் கேட்பதுதான் வழக்கம். இங்கே கேட்டது வேறு: இருப்பதைத் துப்புரவாக்கவும், வந்து ஒட்டியதை அகற்றவும் பணம். இது எவ்வளவு கடினம் என்பதைக் கோயில் திருப்பணிக்கு வசூல் செய்து பார்த்தவர்கள் அறிவார்கள். கோபுரத்தின் ஒரு நிலைக்கு ஆள் கிடைக்கும். மழைநீர் வடிகாலுக்கு யார் உபயம் எழுதுவார்?

எழுதினார்கள். அதுதான் இந்தக் கதையின் திருப்பம்.

சிமென்ட் கட்டுமானங்கள் வெளியேறின. பழைய நீர்வழிகளைத் தேடித் திறந்தார்கள். மழைநீர் வடிந்து சேகரமாகும் பழைய ஏற்பாடு மீண்டும் உயிர்பெற்றது. கட்டடங்களைப் பழைய பொருள்களாலும் பழைய முறையாலும் செப்பனிட்டார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அகற்றுவது என்று முடிவு செய்தால் எதை அகற்றுவது? வெள்ளைக் கோபுரத்துக்கும் ஆயிரங்கால் மண்டபத்துக்கும் அருகே விரியும் மணல்வெளியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கிடக்கும் மணல் தற்செயலாகச் சேர்ந்தது என்று புதியவர் நினைக்கலாம். ஆனால் வைகுண்ட ஏகாதசி விடியலில் பரமபத வாசல் கடந்து நம்பெருமாள் அந்த மணலில்தான் எழுந்தருள்கிறார். அந்த மணல் விழாவின் ஓர் உறுப்பு. ஆயிரங்கால் மண்டபத்தில் கல்தூண்கள் 953தான். குறையும் தூண்களுக்கு விழாக் காலத்தில் மரத்தூண் நட்டு ஆயிரத்தை நிறைவு செய்வார்கள். வரைபடம் மட்டும் வைத்திருக்கும் பொறியாளருக்கு இவை தெரியாது. ஆண்டு முழுவதும் கைங்கர்யம் செய்பவருக்குத் தெரியும். அதே கைங்கர்யபரருக்கு ஒரு சுவரின் உள்ளே உப்பு ஏறுவது தெரியாமல் போகலாம்; அது பொறியாளரின் கண்ணுக்குப் படும். இருவரும் ஒரே இடத்தில் நின்று பேசாமல் எந்தக் கல்லையும் நகர்த்தக் கூடாது. திருவரங்கத்துக்கு மட்டுமல்ல, குடமுழுக்குக்கு நாள் குறித்துவிட்ட எந்த ஊருக்கும் இதைச் சொல்வேன்.

2015 செப்டம்பர் 9 அன்று முதல் கட்டமாகவும், நவம்பர் 18 அன்று பெருமாள் சந்நிதி உள்ளிட்டவற்றுக்கும் மகா சம்ப்ரோட்சணம் நடந்தது. இலட்சக்கணக்கானோர் கோபுரக் கலசத்தை நோக்கிக் கை தூக்கினார்கள். காலுக்குக் கீழே திறந்திருந்த வடிகாலை அன்று எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

* * *

கவனித்தவர்கள் இருந்தார்கள்.

2017 நவம்பர் முதல் நாள். கலாசாரப் பாரம்பரியப் பாதுகாப்புக்காக யுனெஸ்கோ ஆசிய பசிபிக் நாடுகளுக்கு வழங்கும் விருதுகள் அறிவிப்பாயின. மும்பையின் ராயல் ஓபரா ஹவுஸ், பைகுல்லாவின் கிறைஸ்ட் சர்ச் ஆகியவற்றோடு திருவரங்கம் அரங்கநாதசுவாமி கோயிலும் தகுதி விருது பெற்றது. தமிழ்நாட்டில் வேறெந்தக் கோயிலுக்கும் அதுவரை கிடைக்காத சிறப்பு.

இந்த விருதைப் பழைமைக்கும் பிரம்மாண்டத்துக்கும் கொடுத்தார்கள் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 2000ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் இந்த விருது, பழைய கட்டடத்தை எப்படிச் செப்பனிட்டார்கள் என்பதற்கானது. தனியாரோ, தனியாரும் அரசும் சேர்ந்தோ முயன்றிருக்க வேண்டும். திருவரங்கத்தில் அவர்கள் குறிப்பாகப் பாராட்டியவற்றில் ஒன்று, வெள்ளம் தேங்காதபடி பழைய வடிகாலையும் மழைநீர்ச் சேகரிப்பையும் மீட்டது.

236 அடி கோபுரத்தைக் கொண்ட கோயிலுக்கு வடிகாலுக்காக ஒரு விருது! இதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி உண்டு. கண்ணில் படாத வேலையைச் செய்தவர்களுக்கு, கல்வெட்டில் இடம் இல்லாதவர்களுக்கு, முதல் முறையாக ஒரு பெரிய கை தட்டல் கிடைத்தது.

ஆனால் அதே 2017இல் இன்னொரு காகிதமும் வந்தது. தமிழகக் கோயில்களில் நடக்கும் திருப்பணிகள் பற்றிய வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்துக்காக யுனெஸ்கோவின் உண்மையறியும் குழு பல கோயில்களைப் பார்வையிட்டு அறிக்கை தந்தது. பழைமையைப் பேணும் தகுதி பெற்ற வல்லுநர்கள் இல்லாமல் வேலைகள் நடப்பதை அது கடுமையாகச் சுட்டிக்காட்டியது. ஒரே அமைப்பு, ஒரே ஆண்டு. ஒரு கோயிலுக்குப் பாராட்டு, மற்றவற்றின் நிலைக்குக் கண்டனம்.

திருவரங்கம் ஒரு விதிவிலக்கு என்பதையே அந்த இரண்டு காகிதங்களும் சேர்ந்து சொல்லின. விதிவிலக்குக்கு ஒரு நல்ல குழுவும் ஒரு நல்ல காலமும் போதும். அது வழக்கமாக மாறத் தைலக்காப்பைப் போல நாள்காட்டியில் ஏற வேண்டும்.

* * *

மாறியதா?

2018 ஆகஸ்டில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் வெள்ளம். 1928 முதல் திருவரங்கத்தையும் வடகரையையும் இணைத்த பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. சில நாள்களில், ஆர்தர் காட்டன் 1836இல் எழுப்பிய முக்கொம்பு மேலணையில், கொள்ளிடத்துக்கு நீர் திறக்கும் மதகுகளில் ஒன்பது உடைந்து போயின. கோயிலுக்குக் கிடைத்த கவனம் இவற்றுக்குக் கிடைத்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. பாலமும் அணையும் இந்த ஊரின் பாரம்பரியம் இல்லையா? அந்தப் பாலத்தில் நடந்தும் வண்டி கட்டியும் சந்தைக்கு வந்தவர்கள் எத்தனை தலைமுறை! பின்னர் அந்தப் பாலத்தை முழுவதும் அகற்றிவிட்டார்கள்.

2023 ஆகஸ்ட் 5, பின்னிரவு. திருவரங்கத்தின் கிழக்கு வாசல் கோபுரத்தில் கீழ்நிலையின் ஒரு பகுதி இடிந்து வீதியில் விழுந்தது. நடமாட்டம் இல்லாத நேரம் என்பதால் யாருக்கும் காயம் இல்லை. பகலில் விழுந்திருந்தால்? அந்தக் கோபுரத்தில் விரிசல் இருப்பது முன்பே தெரிந்திருந்தது. சரி செய்ய வேண்டும் என்ற பேச்சும் நடந்துகொண்டுதான் இருந்தது.

விருது வாங்கி ஆறு ஆண்டுகள்கூட ஆகவில்லை.

* * *

அதே 2023இல், அடுத்த மாதமே, இன்னொரு செய்தி.

கர்நாடகத்தின் பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரம் ஆகிய ஒய்சளர் கோயில்கள் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. இந்தச் செய்தி திருவரங்கத்தாருக்கு ஏன் முக்கியம்?

உலகப் பாரம்பரியப் பட்டியலுக்குப் போக வேண்டிய இடங்களை முதலில் ஒரு தற்காலிகப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஒய்சளர் கோயில்கள் அந்தப் பட்டியலில் சேர்ந்த நாள் 2014 ஏப்ரல் 15. திருவரங்கம் சேர்ந்த நாளும் அதே 2014 ஏப்ரல் 15.

சரித்திரத்தில் இந்த இருவருக்கும் உறவும் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் சமயபுரத்துக்கு அருகே கண்ணனூரில் தலைநகர் வைத்து ஒய்சளர் ஆண்டார்கள். திருவரங்கத்தின் வேணுகோபாலன் சந்நிதியில் அவர்கள் பாணிக் கைவண்ணத்தை இன்றும் பார்க்கலாம். ஒரே நாளில் வரிசையில் நின்ற இருவரில் ஒருவர் உள்ளே போய்விட்டார். 2025இல் நம் செஞ்சிக் கோட்டையும் மராட்டியர் கோட்டைகளின் தொகுதியோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. ஒரு நாடு ஓர் ஆண்டுக்கு ஒரே ஓர் இடத்தைத்தான் பரிந்துரைக்கலாம் என்ற நிலையில் வரிசை நீண்டுகொண்டே போகிறது. திருவரங்கம் இன்னும் வாசலில் நிற்கிறது.

கோயிலின் தகுதியில் குறை சொல்ல யாராலும் முடியாது. சிக்கல், நாம் முன்பே பார்த்த அந்த வீதிகளில் இருக்கிறது.

யுனெஸ்கோவுக்கு விண்ணப்பம் போக வேண்டுமானால் காக்க வேண்டிய எல்லையையும், அதைச் சுற்றிய பாதுகாப்பு வளையத்தையும் வரைபடத்தில் காட்ட வேண்டும். யார் எதற்குப் பொறுப்பு என்று நிர்வாகத் திட்டம் தர வேண்டும். பேலூரில் கோயில் வேறு, ஊர் வேறு என்று கோடு போடலாம். இங்கே ஊரே மதிலுக்குள் இருக்கிறது. திருவரங்கம் தனி நகராட்சியாக இருந்த காலம் 1994இல் முடிந்தது. இன்று வீதிகள் திருச்சி மாநகராட்சியின் கையில். கோயில் அறநிலையத் துறையின் கையில். மரபுகள் ஜீயர்கள், ஸ்தலத்தார் கையில். உலகப் பட்டியலுக்கான வேலை மத்தியத் தொல்லியல் துறை வழியே நடக்க வேண்டும். வீடுகளோ அவற்றில் வாழும் மக்களுடையவை.

கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. கோபுரத்தை மறைக்கக் கூடாது என்பது அதன் நோக்கம். பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகி, மாடியில் ஓர் அறை போட நினைக்கும் குடும்பத்துக்கு அது ஒரு சுமை. அந்தச் சுமையை உலகத்துக்காகத் தூக்கச் சொல்கிறோமென்றால், உலகம் அவர்களுக்கு எதைத் திருப்பித் தரும்? திண்ணையும் முற்றமும் ஓட்டுக்கூரையுமாக மிஞ்சியிருக்கும் பழைய வீடுகளைப் பழுது பார்க்க அந்த 25 கோடியில் ஒரு பங்காவது கிடைக்குமா?

கோயிலுக்குள் வந்து ஒட்டியதை அகற்ற ஒரு குழு முன்வந்தது, வென்றது. அங்கே அகற்றியது சிமென்ட். வீதிக்கு வரும்போது அகற்ற வேண்டியது என்ன, காக்க வேண்டியது என்ன என்று யார் பிரித்துச் சொல்வது? உத்திர வீதியில் ஒரு நூற்றாண்டு கண்ட வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட நாளை ஒருவர் மனு கொடுத்தால், அந்த மனு யார் மேசைக்குப் போக வேண்டும்?

(தொடரும்)